தோட்டத்தை அடமானம் வைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

வாசகருக்கு வயது 36. காங்கேயம் பக்கம் விவசாயக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். 2021ல் அதை விட்டுவிட்டு, கல்லூரி நண்பருடன் சேர்ந்து கோவை சரவணம்பட்டியில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினார். கிணற்று மோட்டாரையும் போர் மோட்டாரையும் செல்போனிலிருந்தே போட்டு நிறுத்தும் கன்ட்ரோலர் பெட்டி செய்து விற்கிறார்கள். இதுவரை 1,100 பெட்டி போல விற்றிருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் கைப்பணம் போகிறது.

தொழிலில் இறங்கிய பணம்: சேமிப்பு 14 லட்சம், அப்பா கொடுத்தது 10 லட்சம், ஏலச்சீட்டு எடுத்தது 5 லட்சம், சொந்தக்காரர்களிடம் ஒன்றரை வட்டிக்கு வாங்கியது 6 லட்சம். மனைவியின் 22 பவுன் அடமானத்தில் இருக்கிறது. அரசு உத்தரவாதத் திட்டத்தில் வாங்கிய வங்கிக் கடனில் 17 லட்சம் பாக்கி. டீலர்களிடமிருந்து ஏழரை லட்சம் வரவேண்டும். கடைசி இரண்டு மாத ஜிஎஸ்டி கட்டவில்லை. 40 சதவீதப் பங்கு உள்ள நண்பர் போன வருடம் விலகிவிட்டார். அவர் இடத்தில், தனியார் பள்ளி ஆசிரியையான மனைவியை 'பேருக்கு' டைரக்டராக்கியிருக்கிறார். வீடு ஓடுவது மனைவியின் சம்பளத்தில்.

இப்போது மச்சான் ஒரு வழி சொல்கிறார். அப்பா பெயரில் இருக்கும் தோட்டத்தை வங்கியில் வைத்து 20 லட்சம் எடுத்தால் ஒரே வருடத்தில் நிமிர்ந்துவிடலாமாம். "விவசாய பூமியை பேங்க்காரன் தொட முடியாது" என்ற தைரியமும் கொடுக்கிறார். அப்பாவும் கையெழுத்துப் போடத் தயார். இதற்கிடையே கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனி, தங்கள் பெயரைப் போட்டு மாதம் 150 பெட்டி செய்து தருவீர்களா, பெட்டிக்கு 4,700 ரூபாய் தருகிறோம், 90 நாளில் பணம் என்று கேட்டிருக்கிறது. "அடுத்தவங்களுக்கு ஜாப் ஒர்க் பண்றதுக்காங்க சார் பெங்களூர் வேலையை விட்டுப்போட்டு வந்தேன்?" என்கிறார்.

அவருடைய கேள்வி இது: "எப்ப விடணும்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? இப்ப விட்டா இத்தனை வருசமும் வீணாப் போகுமே?" கடிதத்தின் கடைசியில், "சில ராத்திரி நானே இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுதுங்க" என்றும் ஒரு வரி.

ஆடிட்டர் பதில்

தம்பி, கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் ஆடிட்டர், மனநல மருத்துவர் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு நேராகக் கணக்குக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. இன்றே அதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது. இரவு எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. கோவையில் ஒரு மருத்துவரையும் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் கடன் எல்லாம் சேர்ந்தாலும் உங்களைப் போன்ற பொறியாளர் சில வருடச் சம்பளத்தில் அடைக்கக்கூடியதுதான். ஆள் இருந்தால் அடையும்.

இனி கணக்கு. ஒரு பெட்டிக்கு 2,600 ரூபாய் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி போக 6,500 விலை, பாகங்கள் 3,900, மீதி 2,600. ஆனால் டீலருக்குக் கொடுக்கும் ஆயிரத்தை நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாரன்டி காலத்தில் ஆள் அனுப்பும் செலவு, எலி கடித்த ஒயர், இடியில் போன போர்டு எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 700 ரூபாய் ஆகிறது என்பதும் நீங்கள் அனுப்பிய தாளில்தான் இருக்கிறது. அப்படியானால் நிற்பது 900.

சம்பளம் 95,000, வாடகை 18,000, வங்கித் தவணை 42,000, இதர செலவு 10,000. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 1,65,000 வேண்டும். 900 ரூபாய் வீதம் இதை எட்ட மாதம் சுமார் 183 பெட்டி விற்க வேண்டும். நீங்கள் விற்பது 45. உங்களுடைய மிகச் சிறந்த மாதத்தில் 71. மாதத் துண்டு சுமார் 1,24,500 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை.

மச்சான் சொல்லும் 20 லட்சத்தை இதில் போட்டுப் பார்ப்போம். 12 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 44,500. துண்டு 1,69,000 ஆகிவிடும். அந்த 20 லட்சம் பன்னிரண்டு மாதத்துக்குக்கூடத் தாங்காது. பணம் தீர்ந்த பிறகும் தவணைக்கு நான்கு வருடம் பாக்கி இருக்கும். வாங்கும் கடன் விற்பனையைக் கூட்டவில்லை, நாளைத்தான் கூட்டுகிறது. விளம்பரம் செய்தால் 183 ஆகும் என்றால், எதனால் ஆகும் என்பதைக் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

உங்கள் நோட்டீஸில் 'மின்சாரம் மிச்சம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், தம்பி. மிச்சம் பிடிக்க யார் 6,500 ரூபாய் கொடுப்பார்? ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் வாங்குகிறார்கள். 'விவசாயிகளுக்கு அருமை தெரியவில்லை' என்ற உங்கள் வரியை நான் ஏற்கவில்லை.

பொறுத்திருந்தால் சரியாகும் கஷ்டமும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் கோவையில் மின்வெட்டு பட்டறைகளை வாட்டியது. அந்த நேரத்தில் ஆர்டர் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்களுக்குக் காரணம் இருந்தது. கஷ்டம் வெளியிலிருந்து வந்தது, அது விலகினால் தொழில் ஓடும். உங்கள் கஷ்டம் பெட்டியின் விலைக்குள்ளேயே இருக்கிறது. காலம் அதைச் சரிசெய்யாது.

இத்தனை வருடம் வீணா என்று கேட்கிறீர்கள். நம் பக்கத்தில் போர் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூறு அடி போய்த் தண்ணீர் வரவில்லை என்றால், "இத்தனை செலவு பண்ணியாச்சு, இன்னொரு நூறு அடி" என்பார்கள். அந்த நூறு அடியில் தண்ணீர் உண்டா என்பதற்கும் மேலே செலவான எண்ணூறு அடிக்கும் சம்பந்தமே கிடையாது. போன பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த மாதச் செலவை மட்டும் பாருங்கள். அது யாருடைய பணம்? இரண்டு மாத ஜிஎஸ்டி கட்டாமல் ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் விற்பனைக்கு அது மாதம் 13,000 அளவில்தான் வரும். சின்னத் தொகைதான். ஆனால் அது வாங்குகிறவரிடம் அரசுக்காக வசூலித்த பணம். அந்த 13,000 வரை கை நீண்டிருக்கிறது என்றால், உங்கள் பணத்தில் தொழில் ஓடிய காலம் முடிந்துவிட்டது. எப்போது விடுவது என்ற கேள்விக்கு என் பதில் பாதி இதுதான். மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

மச்சான் சொல்வதும் சட்டம் சொல்வதும்

*பிரைவேட் லிமிடெட் என்பதால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்பது.* பாதிதான் உண்மை. வங்கியில் நீங்களும் நண்பரும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கம்பெனியிடம் வசூலிக்க முடியாத ஜிஎஸ்டியை, தன் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று நிரூபிக்காத டைரக்டரிடம் கேட்கலாம். டைரக்டர் என்றால் உங்கள் மனைவியும்தான். பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் ஒரு பிரிவு கிடையாது. சொந்தக்காரர்களுக்கு எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் எத்தனை என்று இன்றே எழுதி வையுங்கள். செக் திரும்பினால் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் கிரிமினல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

*அரசு உத்தரவாதக் கடனை நாம் கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும் என்பது.* இது மச்சான் சொன்னதா உங்கள் நினைப்பா தெரியவில்லை, ஆனால் கொங்கு முழுக்க இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. வங்கி அங்கே பணம் வாங்கினாலும் உங்களிடம் வசூலிப்பது நிற்காது.

*விவசாய நிலத்தைத் தொட முடியாது என்பது.* 2002ஆம் வருட சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருப்பது நிஜம். கோர்ட்டுக்குப் போகாமலே கைப்பற்றி ஏலம் விடும் குறுக்குவழி மட்டும்தான் வங்கிக்கு அங்கே அடைபட்டிருக்கிறது. 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம், அது கோவையிலேயே இருக்கிறது. குறைவாக இருந்தால் சிவில் கோர்ட். எழுதிக் கொடுத்த அடமானம் அடமானம்தான். மச்சான் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கையெழுத்து அப்பாவுடையது.

*ஷட்டரை இழுத்துவிட்டால் கம்பெனி தானாகப் போய்விடும் என்பது.* போகாது. கம்பெனிப் பதிவாளரிடம் கொடுக்கும் வருடாந்திரத் தாக்கல் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். இரண்டு படிவம், ஒரு வருடத் தாமதம் என்றாலே 73,000. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் நீங்களும் மனைவியும் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது.

இந்த நான்கிலும் நான் ஒரே முடிவுக்குத்தான் வருகிறேன்: தோட்டம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

பம்ப்செட் கம்பெனி கேட்டது

கடிதத்தில் நீங்கள் நான்கு வரியில் தள்ளிவிட்ட இந்த விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஜாப் ஒர்க் என்று முகம் சுளிக்கிறீர்கள். கோவையில் லேத்தும் திருப்பூரில் பனியனும் ஜாப் ஒர்க்கில் நிற்கிற ஊர் இது. இதில் கௌரவக் குறைச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. சர்வீஸ் அவர்கள் பொறுப்பு, டீலர் கமிஷன் இல்லை. 4,700ல் பாகம் 3,900 போனால் 800 நிற்கும். 150 பெட்டிக்கு 1,20,000. சர்வீஸ் ஆட்கள் தேவைப்படாததால் சம்பளம் 45,000 ஆகக் குறையும், மொத்தச் செலவு 1,15,000. மயிரிழையில் நிற்கிறது. உங்கள் சம்பளம் இதிலும் இல்லைதான், ஆனால் துண்டு நிற்கிறது.

ஆபத்து 90 நாள் கடனில் இருக்கிறது. மாதம் 150 பெட்டிக்கு மூன்று மாதப் பாகம் வாங்கிப் போட்டால் 17,55,000 ரூபாய் முடங்கும். அங்கேதான் மறுபடியும் தோட்டத்துப் பத்திரம் நினைவுக்கு வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: பாகங்களை அவர்களே வாங்கித் தரட்டும், பெட்டிக்கு 800 கூலி மட்டும் கொடுக்கட்டும். நீங்கள் கேவலமாக நினைக்கும் அந்த முழு ஜாப் ஒர்க்கில்தான் உங்கள் பணம் முடங்காது. ஒத்துக்கொள்ளாவிட்டால் பாகத்துக்கு முன்பணமும் 45 நாளுக்குள் மீதியும். உங்களிடம் உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருடச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பதால் பெரிய கம்பெனிகளின் அக்கவுன்டன்ட்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெட்டியின் சர்க்யூட் வரைபடமும் மென்பொருளும் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும்.

டீலர்களிடம் நிற்கும் ஏழரை லட்சத்துக்கும் அதே சட்டம் பொருந்தும். தர மறுப்பவர்கள் மேல் கோவையில் உள்ள குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவில் மனுப் போடலாம். ஆனால் முதலில் நேரில் போங்கள். தாராபுரத்திலும் உடுமலையிலும் கடை வைத்திருப்பவரிடம் விற்காத பெட்டி கிடக்கும். பெட்டியையாவது திரும்ப வாங்கி வாருங்கள்.

மூடுவதற்கும் பணம் வேண்டும்

மீதிப் பாதி இதுதான். கடைசி ரூபாய் வரை ஓட்டிவிட்டு அப்புறம் மூடலாம் என்று நினைக்கிறவர்களால் ஒழுங்காக மூட முடிவதில்லை. உங்கள் கம்பெனியை மூட என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஆட்களுக்கு இந்த மாதச் சம்பளமும் ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும் 1,90,000. ஜிஎஸ்டி பாக்கி வட்டியோடு சுமார் 30,000. தணிக்கை, தாக்கல் செலவுக்கு ஒரு லட்சம். ஏற்கனவே விற்ற பெட்டிகளுக்கு ஒரு வருடம் சர்வர், சிம், உதிரி போர்டு என்று ஒன்றரை லட்சம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து நிமிரும் வரை ஆறு மாதத் தவணை 2,52,000. ஆக ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கிட்டே. கைக்கு வரக்கூடிய பணம் என்று உங்களிடம் இருப்பது டீலர் பாக்கி ஒன்றுதான், அதுவும் முழுதாக வராது. வரவர அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். அடுத்த லோடு பாகம் வாங்க அதை எடுத்தால், மூடும் பணத்தை எடுத்து ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

விற்ற பெட்டிகளைப் பற்றி நீங்கள் யோசிக்கவே இல்லை. சர்வர் நின்றால் ஆயிரம் தோட்டத்தில் மோட்டார் என்ன ஆகும்? பழைய ஸ்டார்ட்டரில் நேராகப் போடும்படி மாற்றிக்கொள்வது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்வது உடனே மூடச் சொல்வது அல்ல. 90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதி நீங்களும் மனைவியும் கையெழுத்துப் போடுங்கள்: பம்ப்செட் கம்பெனியிடமிருந்து முன்பணமோ பாகமோ 30 நாளில் வராவிட்டால் நிறுத்தம், வந்த பிறகு மாதம் 150 எட்டாவிட்டால் நிறுத்தம், எந்த மாதமாவது சம்பளமோ ஜிஎஸ்டியோ தள்ளிப்போனால் அன்றே நிறுத்தம், இந்த 90 நாளில் புதுக் கடன், கைமாற்று, சீட்டு எதுவும் கிடையாது. மனைவியின் கையெழுத்து எதற்கு என்றால், அடமானத்தில் இருக்கும் 22 பவுன் சட்டப்படியும் அவருடையது. அதை மீட்பதா, விற்றுக் கடனைக் குறைப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்துவது என்று ஆனால், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய மனுப் போட்டு, ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கையிருப்புச் சரக்கை வாங்கும்போது கட்டி, பிறகு உங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். கம்பெனிப் பெயரை நீக்கும் எஸ்.டி.கே-2 மனுவுக்குக் கட்டணம் 10,000 ரூபாய். ஆனால் அதற்குமுன் இரண்டு நிதியாண்டு தொழில் நடக்காமல் இருக்க வேண்டும், கடன் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. அந்த இரண்டு வருடமும் தாக்கல்கள் தொடரும். இன்னொன்று, பெயரை நீக்கும் தீர்மானத்துக்கு 75 சதவீதப் பங்கின் சம்மதம் தேவை. உங்களிடம் இருப்பது 60. கோபத்தில் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கும் அந்த நண்பரைக் கூப்பிட்டுப் பேசியே ஆக வேண்டும். அவர் ஜாமீனும் வங்கியில் அப்படியேதான் இருக்கும், அதனால் அவரும் பேச வருவார்.

சொந்தக்காரர்களிடம் வீடு தேடிப் போய்ச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாதம் முதல் எவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, அதைத் தவறாமல் கொடுங்கள். வட்டியை நிறுத்தி அசலை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

வங்கிக்கு இந்த வாரமே போங்கள். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறும். நொடிந்த சிறு தொழில்களைச் சீரமைக்க மத்திய அரசு 2015ல் கொண்டுவந்த நடைமுறை இருக்கிறது. அதன்படி பரிசீலியுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 11 சதவீத வட்டி என்று வைத்து ஏழு வருடமாக நீட்டினால் தவணை 30,000க்குள் வரும். உத்யம் சான்று, கடைசி இரண்டு வருட பேலன்ஸ் ஷீட், டீலர் பாக்கிப் பட்டியல், பம்ப்செட் கம்பெனி அனுப்பிய கடிதம் இவற்றை எடுத்துப் போங்கள். மச்சானைக் கூட்டிப்போக வேண்டாம், மனைவியைக் கூட்டிப் போங்கள்.